நாற்பத்தொன்றாம் எண் சாக்கு

மழைக்காலத்தில் எங்கள் அலுவலக வாசலில் ஏழெட்டுக் குடைகள் ஒரே வாளியில் நிற்கும். சாயங்காலம் ஆளுக்கொன்றை உருவிக்கொண்டு ஓடுவோம். அக்கா மட்டும் தன் குடையை எடுத்து விரித்து, கம்பிகளைத் தடவி, கைப்பிடியில் சுற்றியிருக்கும் பச்சை நூலை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் படி இறங்குவார். அந்த நூலைச் சுற்றியவரே அவர்தான்.

"ஒங்க குடைதான்க்கா" என்பேன்.

"யார் சொன்னா?"

"நூல் இருக்கே."

"நூல யாரும் சுத்தலாமே, தங்கச்சி."

சிரிக்காமல் சொல்வார். முதல் ஆறு மாதம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அதற்கும் பிறகு, எல்லாவற்றையும் இப்படிச் சந்தேகப்படுகிறவர் தானே எதையோ மறைப்பவராக இருக்கலாம் என்று எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

அப்போது என் மகளுக்குப் பத்து மாதம். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவர் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், மலையில் கேரட் வாங்கிக் கீழே அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கேரட் குழந்தை உணவு தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போகிறது என்று சேர்ந்த அன்றே மேனேஜர் சொன்னார். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது, பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. பிள்ளை பெற்றதிலிருந்து எனக்கு எல்லாமே அந்த இரண்டும் கலந்துதான் வந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர். அதன் பொத்தான்களில் இரண்டு வேறு நிறம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்த குடும்பம். பத்தாவது வரை படிப்பு. குடோனில் மூட்டை எண் எழுதிக்கொண்டிருந்தவரை எனக்கு உதவியாக டைப் அடிக்க மேலே அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் என்னால் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

டேட்டாபேஸை அமைத்தவள் நான். அதில் ஒரு திரை உண்டு. ஒவ்வொரு டேபிளும் சின்னப் பெட்டியாகத் தெரியும். விவசாயி ஒரு பெட்டி, சாக்கு ஒரு பெட்டி, வரத்து ஒரு பெட்டி, லேப் முடிவு ஒரு பெட்டி. எது எதோடு சேர்கிறது என்று பெட்டிக்குப் பெட்டி கோடு இழுக்க வேண்டும். கோட்டின் ஒரு முனையில் 1 என்று இருக்கும். மறுமுனையில், 'பல' என்பதற்கு அடையாளமாக, எட்டைப் படுக்கவைத்தது போல ஒரு குறி. அக்கா அதைப் 'படுத்த எட்டு' என்பார். ஒரு விவசாயிக்கு இருபது சாக்கு கொடுத்திருந்தோம். ஒவ்வொரு சாக்கிலும் அவருடைய எண்ணும் சாக்கின் எண்ணும் பெயிண்டில் அச்சடித்திருக்கும். ஆகவே விவசாயி பக்கம் 1, சாக்கு பக்கம் படுத்த எட்டு. இதைவிடத் தெளிவான கோடு உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அக்கா அந்தக் கோட்டின்மேல் பென்சில் முனையை வைத்துக் கேட்டார்.

"ஒருத்தருக்குப் பல சாக்கு. சரி. ஒரு சாக்கு ஒருத்தருக்குத்தானா?"

"நம்பர் போட்டிருக்கேக்கா."

"நம்பர் யார் போட்டா? நம்ம போட்டது. காட்டுல யார் பாத்தா?" மலையில் வயலைக் காடு என்பார்கள்.

இன்னொரு நாள் மாதாந்திர ரிப்போர்ட்டை என் மேசையில் விரித்தார். மன்னவனூரில் நாற்பத்தொன்றாம் எண் விவசாயி, ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விதவை அம்மா. அந்த மாதம் நாலு ஏக்கர்க்காரரைவிட அதிகமாகக் கேரட் அனுப்பியதாக ரிப்போர்ட் சொன்னது.

"நல்ல வெளச்சல்" என்றேன்.

"மெய்யாவா?" என்றார். அதோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டது போலக் காட்டிக்கொண்டார் என்று இப்போது எழுத வேண்டும்.

எனக்கு வேலை முடிந்தால் போதும். பணப் பட்டுவாடா, ஜீப் டிரைவர் வயலிலேயே எழுதித் தரும் லோடு சீட்டைப் பார்த்துத்தான் நடக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்து நடக்காது. சீட்டுகள் பட்டுவாடா முடிந்ததும் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். ரிப்போர்ட் கீழே தொழிற்சாலைக்குப் போகிற காகிதம், அவ்வளவுதான். இரண்டு வருடமாக யாரும் அதைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

அக்காவின் சந்தேகம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை தாமதமாக வந்து, கைப்பையை வைக்காமலே கேட்டார்.

"ஒங்க பிள்ளைய எத்தன பேர் பாத்துக்கிறாங்க?"

"ஒருத்தங்கதான்க்கா. எதிர்வீட்டம்மா."

"ஒருத்தங்கதான்னு யார் சொன்னா?"

பஸ் ஸ்டாண்டில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட வேறொரு பெண்ணின் இடுப்பில் என் மகளைப் பார்த்தாராம். "பிள்ள போட்டிருந்தது நீலப் பொத்தான் வச்ச சொட்டர். ஆனா சொட்டர யாரும் போடலாம்ல. அதான் மொகத்தப் பாக்கணும்னு பொறத்தாலயே போனேன். சர்ச்சுக்குக் கீழ, ரெண்டாவது வீட்டுக்குள்ள போனாங்க. ஒங்க பிள்ளதான்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். எதிர்வீட்டம்மா செவ்வாய்தோறும் ஒரு விடுதிக்குத் துணி துவைக்கப் போவாராம். அன்றைக்கு மட்டும் பிள்ளையைத் தன் அக்காவிடம் விடுவாராம். ஐந்து மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. மகள் அந்த வீட்டில் ரஸ்க் கடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

திரும்பி வந்து அக்காவுக்கு நன்றி சொன்னேன். அன்று முழுவதும் எனக்குள் ஓடியது வேறு. என் பிள்ளையின் ஸ்வெட்டர் பொத்தான் இவருக்கு எப்படித் தெரியும்? எதற்காக இவ்வளவு கவனிக்கிறார்?

ஏன் இப்படி எல்லாவற்றையும் நோண்டுகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேவிட்டேன். "என் பெரியக்காவ சித்தப்பா வீட்டுக் குடும்பக் கார்டுல எழுதிட்டாங்க. நாங்க கப்பல்ல வந்துட்டோம். சித்தப்பா கார்டு அங்கயே நின்னுருச்சு" என்றார். ஒரு வரி தப்பாகச் சேர்ந்ததால் ஒரு பெண் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். கேட்டதும் மனசு கனத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து யாரிடமோ, "பெரியக்கா அங்க தோட்டத்துல காய்ச்சல்ல செத்துப்போச்சு, நாங்க வர்றதுக்கு முந்தியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இரண்டு பெரியக்காக்கள் இருந்தார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் அக்காவுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் சிரிப்புதான். மன்னவனூரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போட்டிருந்தார். அவரும் எங்கள் கம்பெனிக்குத்தான் கொடுத்தார். கொடைக்கானல் வரும்போதெல்லாம் மேலே ஏறி வந்து அக்காவைக் கேலி செய்துவிட்டுப் போவார்.

"மேடம், இவங்கள எப்படி வச்சுச் சமாளிக்கிறீங்க? என் கல்யாணத்துல தாலி கட்டுறப்போ, 'பொண்ணு மாறலையே'ன்னு முக்காட்ட வெலக்கிப் பாத்த ஆளு இவங்க!"

"பாத்தது நல்லதுதானடா. ஒனக்கு எது குடுத்தாலும் கட்டியிருப்ப" என்பார் அக்கா.

ஒரு நாள் அவர் ஒரு பை நிறையக் கேரட்டை என் மேசையில் வைத்தார். மண் கழுவி, தழை கிள்ளி, விரல் பருமனில் ஒன்றுபோல இருந்தன. "பாப்பாவுக்கு மசிச்சுக் குடுங்க மேடம். ஒங்களுக்குன்னு தனியாப் புடுங்குனது. மருந்தே இல்லாதது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்கு அப்போதுதான் கேரட் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். அவர் படி இறங்கியதும் அக்கா எழுந்து வந்து பையைத் தூக்கிக்கொண்டார்.

"இது நான் எடுத்துக்கிறேன் தங்கச்சி. எனக்குக் கொழம்புக்கு இல்ல."

"அக்கா, அது பாப்பாவுக்கு..."

"பாப்பாவுக்கு கடையில வாங்கிக்கங்க."

அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸில் கேரட் பொரியல் இருந்தது. என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பிள்ளைக்கென்று வந்ததைப் பிடுங்கித் தின்கிற ஆளும் உண்டா என்று கணவரிடம் சொல்லிப் பொருமினேன்.

பத்து நாள் கழித்துக் கீழேயிருந்து லேப் முடிவு வந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு லோடில், சாம்பிள் எடுத்த ஒரு சாக்கில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருந்தது. முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாக்கின் எண் 41/7. நான் ரிப்போர்ட் போட்டேன். ஒரு நொடியில் வந்தது: நாற்பத்தொன்று, மன்னவனூர் விதவை அம்மா.

ஒரு முறை தோற்றால் அடுத்த பயிருக்கான பட்டியலில் பெயர் இருக்காது என்பது விதி. பட்டியலில் இல்லாதவர்களுக்கு விதையும் இல்லை, அவர்கள் கேரட்டை ஏற்ற ஜீப்பும் வராது. மன்னவனூரிலிருந்து தனியாக வண்டி பிடித்துச் சந்தைக்கு அனுப்ப ஒன்றரை ஏக்கர்க்காரரால் ஆகாது. பட்டியல் இருபத்தைந்தாம் தேதி போக வேண்டும்.

தகவல் கேட்டு அந்த அம்மா மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தலையில் துண்டு, காலில் சேறு.

"நான் அறுக்கப்போற மாசத்துல மருந்து தொட்டதே இல்ல தாயி. எம்மக மேல சத்தியம்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் மகளின் வாய், அதில் ஊட்டிய கரண்டி, மசித்த கேரட் எல்லாம் கண்முன் வந்தன. "பச்சப்பிள்ளைங்க சாப்பிடறதும்மா இது" என்று கத்திவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒங்க இருபது சாக்கும் இப்ப எங்கம்மா இருக்கு?"

அந்த அம்மா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். "அது எப்படி ஆத்தா எங்கிட்ட இருக்கும்? இன்னைக்கு ஒரு காட்டுல தோண்டுனா அக்கம்பக்கத்துச் சாக்கெல்லாம் அங்க போயிரும். நாளைக்கு நான் தோண்டுனா அவுக சாக்கெல்லாம் எங்கிட்ட வரும். இருவது சாக்க வச்சுக்கிட்டு யாரு ஒரு நாள் அறுப்ப முடிக்க முடியும்?"

முறை வைத்து ஒருவர் காட்டில் எல்லாரும் சேர்ந்து அறுப்பது அங்கே வழக்கம். ஆட்களோடு சாக்கும் போகும். இது மன்னவனூரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். டேட்டாபேஸ் போட்ட எனக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, பென்சிலால் பேடில் இரண்டு பெட்டி வரைந்தார். இரண்டு முனையிலும் படுத்த எட்டு போட்டார்.

"ஒருத்தருக்குப் பல சாக்கு. ஒரு சாக்குக்குப் பல பேரு. இப்படி வந்தா நேரா கோடு போட ஏலாதுதானே?"

"நடுவுல ஒரு டேபிள் வேணும்" என்றேன். படித்தது நினைவுக்கு வந்தது. "எந்தத் தேதியில, எந்தச் சாக்கு, யார் காட்டுல ஏறுச்சுன்னு."

"லோடு சீட்டு" என்றார் அக்கா.

இரண்டு வருடக் கோடு தவறு என்று மேனேஜரிடம் யார் சொல்வது? என் வேலை போய்விடுமோ என்ற நினைப்பில் அன்று நான் எதுவும் செய்யவில்லை. அடுத்த திங்கட்கிழமை திரையைத் திறந்தால் சாக்குக்கும் விவசாயிக்கும் நடுவில் இருந்த கோட்டைக் காணோம். புதிதாக ஒரு காலிப் பெட்டி. குடோனிலிருந்து சீட்டுப்பெட்டியைக் கொண்டுவந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒவ்வொரு சீட்டாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்காமல். அதுதான் முதலில் சுட்டது. பிறகு யோசித்தேன்: இவருக்கு இந்த விதவை அம்மாமேல் ஏன் இவ்வளவு அக்கறை? சாயங்காலம் அவர் போனதும், சனிக்கிழமை எடுத்த பேக்கப் சி.டி.யைப் போட்டுப் பழைய ஃபைலைத் திரும்ப வைத்தேன். என் கோடு திரும்ப வந்தது. அக்கா காலையில் திரையைப் பார்த்தார்.

"கோடு திரும்ப வந்துருச்சு போல" என்றார். முதல் சீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு, வெள்ளிக்கிழமை மழையில் அவரிடம் இரவல் வாங்கிய குடையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். சரிவில் ஒட்டி ஒட்டி நிற்கும் தகர வீடுகள். வாசலில் அடுக்கியிருந்த விறகின்மேல் மழைக்கு ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அதில் கறுப்புப் பெயிண்ட்: 41/12.

நான் பார்த்ததை அக்கா பார்த்தார். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிளேன்டீ குடிக்கிறீங்களா தங்கச்சி?"

குடித்தேன். சீனி அதிகமாக இருந்தது. இவருக்கும் அந்த அம்மாவுக்கும் போக்குவரத்து இருக்கிறது, சாக்கு சாட்சி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்று என்றால் அந்த அம்மா. நூல் என்றால் குடை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் சாக்கை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று என் காதால் கேட்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். என் கடமை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்த லேடிக்கும் உங்களுக்கும் ஏதாவது கனெக்‌ஷன் இருக்கா? உங்க வீட்ல அவங்க சாக்கு இருந்துச்சாமே."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. குடைக்கம்பியைத் தடவுகிற மாதிரி ஒரு பார்வை.

"சாக்கு இருக்கு சார்."

"அப்புறம் எப்படி உங்க டேட்டாவ நான் நம்பறது?"

"நம்ப வேணாம்" என்றார் அக்கா. வெளியே போய்ச் சீட்டுப்பெட்டியைத் தூக்கி வந்து மேனேஜர் முன்னாலேயே என் கையில் வைத்தார். "தங்கச்சி போடட்டும். நான் ஏத்துனத அழிச்சுட்டு மொதல்ல இருந்து அவங்களே போடட்டும்."

"ஓகே. ஆனா இருபத்தஞ்சுக்குள்ள ப்ரூஃப் இல்லன்னா நாற்பத்தொன்னு அவுட்" என்றார் மேனேஜர்.

என் மேசைக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னேன்: "41/7 இருக்கற சீட்ட மட்டும் தேடிப் பாத்தாப் போதுமேக்கா."

"தேடாதீங்க. தேடிப் போனா நமக்கு வேண்டியதுதான் கையில வரும். எல்லாத்தையும் போடுங்க. அது தன்னால வந்து நிக்கும்."

நாலு மாதச் சீட்டு. பென்சில் எழுத்து, ஈர மண், சிலவற்றில் டிரைவரின் வெற்றிலைக் கறை. ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் போட்டேன். கறை எதுவும் இல்லாமல் வெள்ளையாக இருந்த சீட்டுகளைத் தனியே எடுத்து, டிரைவரின் வண்டி நோட்டோடு ஒப்பிட்டேன். அக்கா இடையில் எதையாவது செருகியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். செருகியிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். என் கோடு பிழைத்துவிடும். எல்லாம் ஒத்துப்போனது. அக்கா பக்கத்து மேசையில் வரத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட என் திரையை எட்டிப் பார்க்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கடைசிச் சீட்டைப் போட்டேன். பழைய கோட்டை நானே அழித்தேன். சாக்கிலிருந்து லோடு சீட்டுக்கு ஒரு கோடு, லோடு சீட்டிலிருந்து விவசாயிக்கு ஒரு கோடு. சாம்பிள் எடுத்த தேதியோடு 41/7 என்று கொடுத்து ரிப்போர்ட்டை ஓட்டினேன்.

ஐம்பத்தெட்டு. பெயர் வந்தது. அக்காவின் தம்பி பெயர்.

ஏதோ தவறு என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். பெட்டியிலிருந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் கண்ணால் பார்த்தேன். தம்பியின் காட்டில் அன்று ஏற்றிய சாக்குகளில் ஏழெட்டு நாற்பத்தொன்றாம் எண்ணுடையவை. 41/7 இருந்தது. 41/12-ம் இருந்தது.

விறகின்மேல் கிடந்தது அதுதான். அந்தச் சாக்கு விதவை அம்மாவிடமிருந்து வரவில்லை. காலிச் சாக்கை ஜீப் ஏற்றிய காட்டிலேயே திரும்ப இறக்கும்; அது தம்பி வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

"அக்கா" என்றேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"சாக்குதான் என் வீட்டுல கெடந்துச்சே தங்கச்சி. நீங்களும் பாத்தீங்களே." டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "பிரின்ட் எடுங்க. கரன்ட் போயிரப்போகுது."

எடுத்தேன். என் கோட்டால் வந்த தப்பு என்று மேனேஜரிடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பட்டியலில் நாற்பத்தொன்று நின்றது. ஐம்பத்தெட்டு போனது.

நாலாம் நாள் மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம் தம்பி மேலே வந்தார். சிரிப்பு இல்லை. நனைந்த துண்டைப் பிழியாமலே நின்றார்.

"யாருக்கா போட்டது இத?"

அக்கா தலை நிமிரவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாகத் தோன்றியது: இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் பெட்டியை என் கையில் கொடுத்திருக்கிறார்.

"நான்தான்" என்றேன். உண்மைதான். அதை உண்மையாக்கியது அவர்.

"நீங்களா மேடம்? ஊரே அடிக்கிற மருந்துதான? ஒங்க பிள்ளைக்குன்னு தனியாக் கேரட் கொண்டாந்து குடுத்தேனே!"

அக்காதான் சொன்னார், விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே.

"குடுத்த. அது பிள்ளைக்குப் போய்ச் சேரலடா."

அவர் அக்காவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு படி இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. அக்கா வீட்டுக்கும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

"தெரிஞ்சிருந்தா, தம்பி கேரட் கொண்டாந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"தெரியாது. அதுக்கு முந்தின வாரம் அவன் காட்டுக்குப் போயிருந்தேன். ஒரு எறும்பக் காணோம். சந்தேகந்தான். சந்தேகத்த வச்சுக்கிட்டு ஒரு ஆளச் சொல்ல ஏலுமா?"

நான் மேனேஜர் அறைக்குப் போன அந்தத் திங்கட்கிழமையை மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டியைக் கொடுத்தது நான் நம்ப வேண்டும் என்றா, தம்பியின் பெயரைத் தன் கையால் டைப் அடிக்க முடியாமலா, பழி என்மேல் விழட்டும் என்றா? மகள் இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறாள். நாங்கள் கொடைக்கானலை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. பள்ளி வேனிலிருந்து அவளை இறக்கிவிடுகிற அம்மா மாறியிருந்தால், பெயர் கேட்டு, முகம் பார்த்து, வீட்டுக்குப் போய் டிரைவருக்கும் போன் செய்கிறேன். கணவர் சிரிக்கிறார்.

தம்பி வந்துபோன அன்று கிளம்பும்போது வாளியின் பக்கத்தில் நின்று ஒன்று மட்டும் கேட்டேன்.

"பாப்பாவுக்கு வேணாம்னு எடுத்துட்டுப் போன கேரட்ட நீங்க ஏன்க்கா சாப்பிட்டீங்க? மறுநாள் பொரியல் கொண்டாந்தீங்களே."

அக்கா குடையை உருவி விரித்தார்.

"அது அந்தக் கேரட்டுன்னு யார் சொன்னா?"

என்னைப் பார்க்கவில்லை. நூலையும் பார்க்கவில்லை. பார்க்காமலே மழைக்குள் இறங்கிவிட்டார்.